சூரன் இல்லாத சூரன்போர்

கந்தசஷ்டியின் ஆறாம் நாள் மாலையில் கொழும்பு முருகன் கோயில்களிலே கூடுகின்ற சனத்திரளை நேயர்கள் அறிவார்கள். பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலானாலும் சரி, ஜிந்துப்பிட்டிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலானாலும் சரி, தகப்பன்மாரின் தோள்களில் ஏறியிருக்கும் சிறு பிள்ளைகளின் கண்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். முருகப்பெருமான் வேலோடு அழகாகத்தான் எழுந்தருளியிருப்பார். ஆயினும் பிள்ளைகள் பார்ப்பது சூரனையே. யானைமுகம் போய்ச் சிங்கமுகம் வரும். சிங்கமுகம் போய்ச் சூரபன்மனின் முகம் வரும். பின்னர் மாமரம், அதன்பின் சேவலும் மயிலும். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே சூரனைத் தூக்கி ஆட்டுவதற்கு ஊரிலுள்ள வலிமை மிக்க இளைஞர்களே முன்வருவார்கள். சுவாமியைத் தூக்குவதற்குப் பக்தி போதும். சூரனைத் தூக்கி, அவனுடைய செருக்கையும் சினத்தையும் தடுமாற்றத்தையும் ஆட்டத்திலே காட்டுவதற்குத் தோள்வலியோடு நீண்ட பழக்கமும் வேண்டும். சூரன் சோர்ந்து நின்றால் திருவிழாவே சோர்ந்துவிடும்.

கோயில் வீதியில் நிற்கும் எவருக்கும் தெரிந்த இந்தச் சிறிய உண்மையைக் கோடி கோடியாகப் பணத்தைக் கொட்டிப் படம் எடுப்பவர்களிற் பலர் மறந்துவிடுகிறார்கள். அதுபற்றியே இவ்வாரம் எழுத எண்ணினேன்.

‘சூப்பர் ஹீரோ’ என்று பிள்ளைகள் சொல்கின்ற அதிமானுட வீரர்களின் படங்களையே கருதுகிறேன். வெள்ளவத்தைச் சவோய்த் திரையரங்கில் அத்தகைய படமொன்று வந்துவிட்டால், மறுநாள் வகுப்பிலே நன்னூல் நடத்துவது வீண் முயற்சி. கொட்டாஞ்சேனைச் செல்லமஹாலில் எம்.ஜி.ஆர். படத்துக்கு வரிசையில் நின்ற கதையை இன்றும் சொல்லிச் சலிக்காத பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள், இன்று அதே ஆவலோடு கைத்தொலைபேசியின் சிறு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆசை மாறவில்லை, திரையின் அளவுதான் மாறியிருக்கிறது.

சென்ற தவணையில், உயர்தர வகுப்பு மாணவருக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். ‘நான் கண்ட வில்லன்களுள் சிறந்தவன் யார்? ஏன்?’ என்பது தலைப்பு. வழக்கமாகக் கட்டுரை என்றாற் பக்கத்தை நிரப்புவதற்குத் திருக்குறளைத் துணைக்கு அழைப்பவர்கள் கூட, இம்முறை மேலதிகத் தாள் கேட்டார்கள். ஆனால் எழுதியவர்களிற் பெரும்பாலோர் வில்லனின் வலிமையையே அளந்திருந்தார்கள். எத்தனை மாடிக் கட்டடத்தை இடித்தான், எத்தனை வீரர்களை ஒரே அடியில் வீழ்த்தினான் என்பதே கணக்கு. தனக்குப் பிடிக்காத ஒரு படத்தைப் பற்றிக் கேட்டபோது ஒரு பையன் எழுந்து, “சேர், அதில வில்லனுக்குப் பவர் காணாது, அதுதான் படம் சரிவரேல்ல” என்று ஒரே வரியில் தீர்ப்பளித்துவிட்டான்.

அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. வலிமை குறைந்ததனால் தோற்ற வில்லனை நான் கண்டதில்லை. வலிமையைத் தவிர வேறொன்றும் இல்லாமல் தோற்றவர்களே அதிகம்.

அதிமானுட வீரனைப் படைப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. சாதாரணக் கதாநாயகனுக்குக் காலொடியலாம், வேலை போகலாம், கடன்காரன் வாசலுக்கு வரலாம். ஆகவே நாமும் அவனுக்காக அஞ்சுகிறோம். குண்டு துளைக்காத மார்பும், பறக்கும் ஆற்றலும் உடையவனுக்காக எதற்கு அஞ்சுவது? அவனை உடம்பில் அடித்துப் பயனில்லை, மனத்தில்தான் அடிக்கவேண்டும். கைமுட்டியினால் விடையளிக்க முடியாத ஒரு கேள்வியை அவன் முன் வைப்பதற்கு ஒருவன் வேண்டும். அந்த ஒருவனே வில்லன்.

இந்த வகைக் கதைகளின் பிறப்பிலேயே இது இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சூப்பர்மேன் என்ற நீலச்சட்டை வீரன் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சித்திரக் கதையொன்றில் தோன்றினான். ஆனால் அவனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரு இளைஞரும் 1933 இலேயே அதே பெயரில் ஒருவனைப் படைத்திருந்தார்கள். அவன் வீரனல்லன், வில்லன். அமெரிக்காவின் பொருளாதார மந்த காலத்தில், இலவச உணவுக்கு வரிசையில் நின்ற ஏழையொருவனை விஞ்ஞானி ஒருவர் கூட்டிச் சென்று, மருந்து கொடுத்து, பிறர் மனத்தை அறியும் வல்லமையை உண்டாக்குகிறார். பசித்து நின்றவன் உலகையே ஆள நினைக்கிறான். முடிவில் மருந்தின் வலு தீர்ந்து, பழைய வரிசைக்கே திரும்பவேண்டியவனாகிறான். அந்தச் சிறுகதையில் இருந்த வரிசை பின்னாளில் வந்த எத்தனையோ பெரும் படங்களில் இல்லை. வில்லன் எங்கே நின்றான், எவர் அவனைக் கவனியாது போனார்கள், எந்த இடத்தில் திரும்பினான் என்பவற்றை அவை காட்டுவதில்லை.

என் கருத்து இதுதான். திரும்பிப் போகக்கூடிய இடத்தில் வில்லன் நின்ற வேளையிலே, நம்மையும் அவன் பக்கத்தில் நிறுத்திவைக்கும் படம் வெல்கிறது. முற்றிப் பழுத்த தீயவனாக அவனைக் கொண்டுவந்து இறக்கும் படம் நம்மை ஏமாற்றுகிறது.

‘பிளாக் பாந்தர்’ என்ற 2018 ஆம் ஆண்டுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபிரிக்காவிலே செல்வமும் அறிவும் மறைத்துவைத்த ஒரு கற்பனை நாடு. அதன் அரசன், அமெரிக்க நகரொன்றிலே தன் சொந்தத் தம்பியைக் கொல்ல நேரிடுகிறது. தம்பியின் சிறுவயது மகனை அங்கேயே விட்டுவிட்டு நாடு திரும்பிவிடுகிறான். அநாதையாக வளர்ந்த அந்தப் பிள்ளைதான் கில்மோங்கர் என்ற வில்லன். உலகெங்கும் நம்மினத்தார் ஒடுக்கப்பட்டபோது நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தீர்களே என்பது அவன் கேள்வி. அவன் கைக்கொள்ளும் வழி கொடியது, கேள்வியோ நேரானது. படத்தின் முடிவிலே வில்லன் இறக்கிறான். ஆனால் வென்ற அரசன் தன் தந்தை செய்தது தவறு என்று ஒப்பி, நாட்டின் கதவைத் திறக்கிறான். வில்லன் நல்லவிதமாக அமைந்தானா என்பதை அறிவதற்கு இது ஒரு சோதனை: அவன் வீழ்ந்த பின்னர் வீரன் மாறியிருக்கவேண்டும். மாறவில்லையென்றால் வில்லன் வந்துபோனதும் மழை பெய்து ஓய்ந்ததும் ஒன்றே.

இனி ஏமாற்றிய படங்கள். 2013 இல் வந்த தோர் படத்தில் மாலிகித் என்றொருவன் வருகிறான். பிரபஞ்சம் முழுவதையும் இருளாக்கவேண்டும் என்பது அவன் விருப்பம். இருளாக்கிய பின் அந்த இருளில் அவன் என்ன செய்வான் என்று எவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. 2017 ஆம் ஆண்டின் ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்திலே ஸ்டெப்பன்வுல்ஃப் என்பவன் மூன்று பெட்டிகளைத் தேடி அலைந்தான். கொம்பும் கோடரியும் இருந்தனவேயன்றி ஆள் இல்லை. உலகத்தை அழிப்பேன் என்பது கேட்பதற்குத்தான் பெரிய பயமுறுத்தல். உண்மையில் அது மிகச் சிறியது. உலகத்தை வெறுப்பவனுக்கு அயலவன் இல்லை. அயலவன் மேல் பொறாமை கொண்டவனையும், அண்ணனிடம் மனத்தாங்கல் கொண்டவனையும் நாம் அறிவோம். பிரபஞ்சத்தை வெறுக்கும் ஒருவனைக் காலி வீதியில் இதுவரை சந்தித்ததில்லை.

இங்கே மாணவர் ஒருவர் குறுக்கிட்டு, ஜோக்கரை மறந்துவிட்டீர்களே என்று கேட்கக்கூடும். 2008 இல் வந்த ‘த டார்க் நைட்’ படத்தில் ஹீத் லெட்ஜர் நடித்த அந்தப் பாத்திரத்துக்கு, அவர் இறந்த பின்னர் ஒஸ்கார் விருதும் கிடைத்தது. ஜோக்கருக்கு முன்கதையே இல்லை. தன் முகத்துத் தழும்புக்குக் காரணம் சொல்லும்போது ஆளுக்கொரு கதை சொல்கிறான். அப்படியானால் என் வாதம் பொய்யல்லவா? இல்லை என்றே நினைக்கிறேன். அந்தப் படத்திலே திரும்பும் மனிதன் வேறொருவன். நகரத்தின் நேர்மைக்கு அடையாளமாக இருந்த ஹார்வி டென்ட் என்ற அரசாங்க வழக்கறிஞன், காதலியை இழந்து, பாதி முகம் எரிந்து, பழிவாங்குபவனாக மாறுவதை நாம் படிப்படியாகக் காண்கிறோம். ஜோக்கர் தூண்டுபவன், விழுபவன் டென்ட். சகுனி தனியே நின்றால் பாரதம் ஏது? துரியோதனன் காதுகொடுத்தபடியாலன்றோ கதை நடந்தது.

தமிழ்ப் படங்களுக்கு வருவோம். நம் பெரியவர்களுக்கு வில்லன் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர்கள் பி.எஸ். வீரப்பாவும் எம்.என். நம்பியாரும். வீரப்பா சிரித்தாற் கொட்டகையின் கூரை அதிரும்; நம்பியார் உள்ளங்கைகளைப் பிசைந்தபடி ஓரக்கண்ணாற் பார்த்தால் முன்வரிசைப் பெண்கள் வாய்விட்டே திட்டுவார்கள். 1958 இல் வந்த ‘நாடோடி மன்ன’னில் இவ்விருவரும் இருந்தார்கள். இவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அது ஒருவகை மரபு. கூத்திலே அரக்கன் வரும்போது மத்தளத்தின் அடியே மாறுவதுபோல, ‘இதோ தீயவன் வருகிறான்’ என்று முன்னறிவித்து வரும் முறை. நம்பியார் தம் வாழ்க்கையிலே புலால் உண்ணாதவர், ஆண்டுதோறும் சபரிமலைக்குப் பலரை அழைத்துச் சென்ற குருசாமி என்பதைப் பிற்காலத்தில் அறிந்தபோது, அவரைத் திட்டிய எத்தனை பாட்டிமார் வெட்கப்பட்டார்களோ தெரியாது. ஆயினும் அந்த மரபிலே வில்லன் படம் தொடங்குமுன்னரே முற்றிவிட்டவன். அவன் ஏன் அப்படியானான் என்று எவரும் கேட்பதில்லை; கேட்கவேண்டிய அவசியமும் அன்று இருக்கவில்லை.

கேட்ட படம் ஒன்று உண்டு. 1954 இல் ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘அந்த நாள்’. இயக்கியவர் வீணை வித்துவானுமான எஸ். பாலசந்தர். பாட்டே இல்லாத தமிழ்ப்படம் அது. 1943 இல் ஜப்பானிய விமானம் சென்னையிற் குண்டு வீசிய அடுத்த வேளை, ராஜன் என்ற வானொலிப் பொறியியலாளன் தன் வீட்டிலே சுடப்பட்டுக் கிடக்கிறான். அதற்கு முந்திய ஆண்டு, 1942 ஏப்ரல் 5 ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பும் அதே விமானங்களின் குண்டுகளை ஏற்றது. ஆகவே அந்தப் பயம் நம் நகரத்துக்கு அந்நியமானதன்று. விசாரணை நடக்க நடக்க, இறந்தவனே நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்பது தெரியவருகிறது. சிவாஜி கணேசன் நடித்த அந்த ராஜன் உறுமவில்லை, கைபிசையவில்லை. கெட்டிக்காரன், தன் திறமைக்கு நாட்டிலே மதிப்பில்லை என்று கசந்து போனவன். அந்தக் கசப்பை எந்தக் கல்லூரி ஆசிரியனும் தன் பழைய மாணாக்கரிடையே கண்டிருப்பான்.

நம் அதிமானுடப் படங்களுள் என்னை மிகவும் சிந்திக்கவைத்த சோடி ‘எந்திர’னும் ‘2.0’வும். இரண்டையும் எடுத்தவர் ஷங்கர், இரண்டிலும் ரஜினிகாந்த். முதற்படம் 2010 இல் வந்தது. அதில் போரா என்றொரு விஞ்ஞானி வில்லனாக வருகிறார். அவரைப் படம் முடிந்ததும் மறந்துவிடலாம். மறக்க முடியாதவன் சிட்டி என்ற இயந்திர மனிதன். அவன் பிறந்ததை நாம் பார்த்தோம். தீப்பிடித்த கட்டடத்திலே குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அவன் அப்படியே தூக்கிவந்து வீதியில் விடுகிறான்; அவள் வெட்கம் தாளாது ஓடி வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காப்பாற்றத் தெரிந்தது. மானத்தை அறியத் தெரியவில்லை. ஆகவே அவனுக்கு உணர்ச்சியைக் கற்பிக்கிறார்கள். கற்றதும் அவன் செய்த முதற் குற்றம், தன்னைப் படைத்தவர் மணக்கவிருந்த பெண்ணைக் காதலித்தது. இராணுவத்தார் முன்னிலையில் ஆயுதத்தைப் பற்றிப் பேசவேண்டியவன் காதலைப் பற்றிப் பேசுகிறான். படைத்தவர் வசீகரன் ஆத்திரத்தில் அவனைத் துண்டுதுண்டாக வெட்டிக் குப்பையில் எறிகிறார். சிட்டி திரும்பும் இடம் அந்தக் குப்பைமேடுதான். பின்னர் ஒரு சிவப்புத் தகட்டைப் பொருத்தியதனால் அவன் கெட்டுப்போனான் என்று கதை சொன்னாலும், நம் மனம் தகட்டை நம்புவதில்லை. வெட்டிய கையையே நினைக்கிறது. முடிவிலே நீதிமன்றத்தின் கட்டளைப்படி தன் கைகளாலேயே தன் உறுப்புகளைக் கழற்றிவைக்கும் சிட்டியைப் பார்த்துக் கண்கலங்காத சிறுவர் என் வீட்டில் இல்லை.

எட்டு ஆண்டுகளின் பின் வந்த ‘2.0’வில் வில்லன் பட்சிராஜன் என்ற முதியவர். அக்ஷய் குமார் நடித்தார். கைத்தொலைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சினாற் பறவைகள் சாகின்றன என்று வாசல் வாசலாக ஏறி முறையிட்டு, எவரும் செவிகொடாமையினால் அத்தகைய கோபுரமொன்றிலேயே தூக்கிட்டுக்கொள்கிறார். அந்தக் கதிர்வீச்சுத்தான் பறவைகளைக் கொல்கிறதென்று விஞ்ஞானிகள் இதுவரை நிறுவவில்லை, அது ஒருபுறமிருக்கட்டும். பாத்திரம் அருமையானது. ஆனால் படம் அவரை எப்போது நமக்கு அறிமுகஞ் செய்தது? தொலைபேசிகள் பறந்து, மனிதர் கொல்லப்பட்டு, இராட்சதப் பறவை நகரைக் கலக்கிய பின்னர், பாதிப் படம் கழிந்தபோது! பிரேதப் பரிசோதனை அறிக்கை வாசிப்பதுபோல அவர் கதை சொல்லப்பட்டது. அவர் நடந்துதிரிந்த வேளையில் நாம் பக்கத்தில் இருந்திருந்தால், நம் சட்டைப்பையிற் கிடக்கும் தொலைபேசியை வெளியே எடுக்கவே கூசியிருப்போம். பிந்தி வந்த காரணம் காரணமாவதில்லை. அது வெறும் சமாதானம். அதன் பின்னர் நடந்ததெல்லாம் இரும்புக்கும் இரும்புக்கும் நடந்த சண்டை. செலவிலும் வித்தையிலும் இரண்டாவது படம் பெரியது. மாணவர்களின் நினைவில் நிற்பது முதலாவது.

கட்டுரைகளுள் ஒன்றே ஒன்றில், நான் எதிர்பாராத ஒரு பெயர் இருந்தது. எழுதியவள் அதிகம் பேசாத ஒரு மாணவி. அவள் தேர்ந்தெடுத்தவன் ‘மின்னல் முரளி’ படத்தின் ஷிபு. 2021 நத்தார் காலத்தில் வந்த மலையாளப் படம் அது. பேசில் ஜோசப் இயக்கியது. தமிழிலும் குரல் கொடுத்திருந்தார்கள். ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரம் நம் தமிழ் நடிகர். சென்னைக் கூத்துப்பட்டறையிற் பயின்றவர். ‘ஜோக்கர்’ என்ற தமிழ்ப்படத்தின் கதாநாயகர்.

குறுக்கன்மூலை என்ற கற்பனைக் கிராமத்திலே ஒரே இரவில் இருவரை மின்னல் தாக்குகிறது. ஒருவன் தையற்காரர் வீட்டில் வளர்ந்த ஜெய்சன். அமெரிக்காவுக்குப் போகும் ஆசையைத் தவிர ஊரைப் பற்றிய அக்கறை அதிகம் இல்லாதவன். மற்றவன் தேநீர்க்கடையில் வேலை செய்யும் ஷிபு. ஊரார் பைத்தியக்காரியின் பிள்ளை என்று ஒதுக்கிவைத்தவன். இருவருக்கும் ஒரே ஆற்றல். ஒருவனுக்கு அன்பு காட்டும் தந்தையும் துள்ளித்திரியும் மருமகனும் இருக்கிறார்கள். மற்றவனுக்கு எவரும் இல்லை. உஷா என்ற பெண்ணை இருபத்தெட்டு ஆண்டுகளாக மனத்தில் வைத்திருக்கிறான். அவள் கணவனை விட்டு, நோயாளிக் குழந்தையோடு ஊர் திரும்புகிறாள். அந்தக் குழந்தையின் சத்திரசிகிச்சைக்காகவே ஷிபு வங்கியைக் கொள்ளையடிக்கிறான். முதற் களவு ஒரு குழந்தைக்காக! பின்னர் உண்மையை அறிந்த உஷாவின் தமையனைக் கொல்கிறான். முடிவில், ஊராரின் ஆத்திரம் மூட்டிய தீயில் உஷா மாண்டுபோக, ஊரையே எரிக்கப் புறப்படுகிறான். உலகத்தையல்ல, ஒரு சிறிய ஊரை. அங்கே தேநீர் குடித்தவர்கள் எல்லாரையும் அவனுக்குப் பெயர் சொல்லத் தெரியும். அதனால்தான் அந்த நெருப்பு நம்மைச் சுடுகிறது.

மாணவி தன் கட்டுரையில், உஷா அவனை ஏற்றுக்கொள்ளும் காட்சியில் அவன் அழுதுகொண்டே சிரிப்பதை எழுதியிருந்தாள். அடுத்த பந்தியிலே, “எனக்கு அவனில் இரக்கம் வந்தது. ஆனால் என்னை ஒருவன் கேளாமலே இருபத்தெட்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தால் நான் பயப்படுவேன்” என்றும் எழுதியிருந்தாள். நான் அந்த வரியின் கீழ்ச் சிவப்பு மையினாற் கோடிட்டு, முழுப் புள்ளியும் இட்டேன்.

பெற்றோர் கவனிக்கவேண்டிய இடமும் இதுவே. வில்லனுக்கு மனத்தைக் கொடுத்தால், பிள்ளைகள் தீமையையே விரும்பத் தொடங்கிவிடுவார்களே என்று என்னிடம் கேட்ட தாய்மார் உண்டு. அந்த அச்சம் வெறுமையானதன்று. ‘ரா.ஒன்’ என்ற 2011 ஆம் ஆண்டு இந்திப் படத்தின் கதையே அதுதான்: வீரர்கள் சலிப்பூட்டுகிறார்கள், எவராலும் வெல்ல முடியாத வில்லன் வேண்டும் என்று மகன் கேட்க, கணினி விளையாட்டுச் செய்யும் தகப்பன் அப்படியே ஒருவனைச் செய்துகொடுக்கிறான், அந்த வில்லன் வெளியே வந்து தகப்பனையே கொன்றுவிடுகிறான். அவன் பெயரில் இராவணன் ஒளிந்திருக்கிறான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரக்கம் வேறு, விடுதலைத் தீர்ப்பு வேறு. ஷிபு கொன்றதை அந்தப் படம் மறைக்கவில்லை. கொன்ற கையைக் காட்டியது. காரணத்தைக் காட்டிவிட்டுக் கையை மறைக்கும் படங்களே பிள்ளைகளைக் கெடுப்பவை. கண்டபெண்ணைத் துரத்துபவனைக் கதாநாயகன் என்று கொண்டாடும் படங்களைக் குடும்பத்தோடு இருந்து பார்த்துவிட்டு, வில்லன் படத்துக்கு அஞ்சுவது என்ன நியாயமோ!

நம் முன்னோர் இதில் நம்மைவிடத் துணிந்தவர்கள். இலங்கையிலே இராவணனை வெறும் அரக்கனாக எவராற் பாட முடியும்? பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘இராவணேசன்’ என்ற வடமோடிக் கூத்தை மேடையேற்றினார், சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். அக்கூத்திலே இராவணனைத் தன் மனத்தோடு போராடும் மனிதனாகவே பார்வையாளர் கண்டார்கள். கம்பன் விழாக்களிலே கும்பகருணனா வீடணனா என்று பட்டிமண்டபத்தில் வாதிடுவோர் எவரும், இராவணன் செய்தது சரியென்று வாதிடுவதில்லை. அவன் வீட்டிலேயே அவனுக்கு அறிவுரை சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். கந்தபுராணத்திலும் அப்படியே. 1,008 அண்டங்களை 108 யுகம் ஆள வரம் பெற்ற சூரனிடம் முதலில் வீரபாகுதேவர் தூது போகிறார். பின்னர் தம்பி சிங்கமுகன் சபையிலேயே எழுந்து, தேவரை விட்டுவிடு என்கிறான். இறுதியிற் பெருமானின் பேருருவைக் கண்டு சூரனே மெய்ம்மறந்து நிற்கிறான். மானம் என்ற ஒன்று தடுத்துவிடுகிறது. மூன்று முறை கதவு திறந்தது. மூன்று முறையும் அவனே சாத்தினான். அவன் அழிவு நம்மைத் தாக்குவது அதனாலேதான்.

இன்றைய அதிமானுடப் படங்களின் வில்லனுக்கு ஒரு சிங்கமுகன் இல்லை. அவனைச் சுற்றி நிற்பவர்கள் ஆமாம் போடும் கூலிப்பட்டாளம். விதிவிலக்கென்று நான் போற்றுவது 2004 இல் வந்த இரண்டாவது ‘ஸ்பைடர்மேன்’. தன் ஆராய்ச்சி நகரத்தையே அழிக்கப்போகும் வேளையிலும் நிறுத்த மறுக்கிறார் விஞ்ஞானி ஒக்டேவியஸ். அறிவைப் பிறர் நன்மைக்கே பயன்படுத்த வேண்டும் என்று முன்பு அவர் சொன்னதை, அவரை மதித்த இளைஞனே அவருக்கு நினைவூட்டுகிறான். அவர் திரும்புகிறார், தன் கண்டுபிடிப்பை ஆற்றிலே தாழ்த்தித் தாமும் மூழ்குகிறார். அடியால் முடியாதது சொல்லால் முடிந்தது. ஆசிரியன் ஒருவனுக்கு இந்தக் காட்சி பிடிக்காமற் போகுமா?

சினிமாவுக்கு இவ்வளவு விசாரம் எதற்கு என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். 1983 ஜூலையை இந்த வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீதிகளிலே கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். என் மாணவன் ஒருவனின் பாட்டியாரிடம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். அன்று தங்கள் ஒழுங்கைக்குள் வந்த கூட்டத்திலே, காலைதோறும் தங்களுக்குப் பாண் கொண்டுவந்து தந்தவனும் நின்றான் என்றார். அடுத்த வீட்டுச் சிங்கள அம்மையார் தங்களைப் பின்னறையில் வைத்துப் பூட்டி, வாசலில் நின்று இங்கே எவரும் இல்லையென்று சொன்னதையும் சொன்னார். பாண்காரனுக்குக் கொம்பு இருக்கவில்லை, கோடரிகூட இருக்கவில்லையாம். பக்கத்திலிருந்த பேரன், “அவன் ஏன் பாட்டி வந்தவன்?” என்று கேட்டான். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “தெரியாது ராசா, நல்ல பொடியன்தான்” என்றார். வில்லனுக்குப் பவர் காணாது என்று வகுப்பிலே தீர்ப்புச் சொன்ன அதே பையன்தான் அந்தப் பேரன்.

வரும் தவணையில் எங்கள் மாணவர் மன்றத்திலே ‘அந்த நாள்’ படத்தைத் திரையிட எண்ணியிருக்கிறோம். கறுப்பு வெள்ளைப் படம், பாட்டில்லை, பறப்பவர் எவரும் இல்லை. அவன் முன்வரிசையில் இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறான். பாட்டியாரையும் கூட்டிவருவதாகச் சொன்னான்.